நீல நூல் கட்டிய கட்டு

பரிபூரணம் வென்றவை இவை. இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய இடது காலோடு பதினாறு வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றாள். திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பாத பிறகு, மகள் அக்சாவை ஒற்றை ஆளாய் வளர்த்து நர்சிங் படிப்பில் சேர்த்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், சபைப் பெண்களின் வேத வசனப் போட்டியில், காதால் கேட்டே மனப்பாடம் செய்து, டீச்சரம்மாக்களைத் தோற்கடித்து மூன்று முறை முதல் பரிசு வாங்கினாள். மூன்றும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் துணி சோதிக்கும் மேசைக்கு, எழுதப் படிக்கத் தெரியாமல் போய் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் அக்கா ஞானரத்தினத்தைக் கேட்டால், இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 2023 மே மாதத்து ஐந்து நாட்களைத்தான் சொல்வாள்.

எந்தத் துணிக்கட்டை யார் சோதித்தது என்று அடையாளம் காண, கம்பெனியில் ஆளுக்கொரு நிற நூல். பரிபூரணத்துக்குச் சிவப்பு. பக்கத்து மேசை மெகராஜ் பேகத்துக்கு நீலம். இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரத் தொடங்கிப் பதினொரு வருஷம். மே நாலாம் தேதி, வியாழக்கிழமை, ஒரு கட்டு திரும்பி வந்தது. துணி முழுக்க எண்ணெய்க் கறை. கட்டியிருந்தது நீல நூல். அதில் குத்தியிருந்த தேதியை சூப்பர்வைசர் மாரிசெல்வம் உரக்க வாசித்தார்: ஏப்ரல் ஆறு. மெகராஜ் பேகத்தை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்.

ஏப்ரல் ஆறு பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை. ஆராதனைக்கு நேரமாகிறதே என்று கடைசிக் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே பரிபூரணம் கட்டியிருந்தாள். சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் கைக்கு எட்டிய நீல நூலை எடுத்திருந்தாள். தேதியைக் கேட்டதுமே அது நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் அக்சாவின் கடைசி வருஷப் படிப்பு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் நாள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் சமாதானமாகி, ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் வழக்கமாகச் சொல்வதை அன்றும் சொன்னார். ஞானரத்தினத்துக்கு முன்னால் வரிசையில் நின்ற பரிபூரணம், இன்னும் இரண்டே பேர் இருக்கும்போது சட்டென்று திரும்பினாள்.

"ஏட்டி, எங்க போற? எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்க்கா. மெகராஜ் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

சபை முழுக்கப் பார்க்க, காலை இழுத்து இழுத்து வெளியே போனாள். ஞானரத்தினத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மெகராஜ் பேகம் மீன் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"என் கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னு மூணு நாளா அழுதுக்கிட்டு இருக்கேன். பாவி, நீதானா?"

"நான்தான்."

"நாளைக்கு அந்த மனுசன் உன்னைய வெளிய தள்ளுவாரு. பிள்ள படிப்பு?"

"பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே சொல்லிருதேன்."

மெகராஜ் பேகம் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தாள். "வாய்ச்சொல்ல நம்ப மாட்டாரு. சொல்லு, எழுதுதேன். கீழ கைநாட்டு வச்சிரு."

"கைநாட்டு வேண்டாம். யாரு விரலுன்னு யாருக்குத் தெரியும்? செஞ்சது இன்னாருன்னு எம்பேரு இருக்கட்டும்."

மெகராஜ் பேகம் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் பெயரின் ஆறு எழுத்தையும் எழுதிக் காட்டினாள். பரிபூரணம் பொழுது சாயும்வரை பார்த்து எழுதினாள்.

"ஏட்டி, 'பூ'வுக்கு இம்புட்டு நீள வாலா? கொரங்கு மாதிரி இருக்கு" என்று மெகராஜ் பேகம் சிரித்தாள். ஞானரத்தினம் எண்ணிக்கொண்டே இருந்தாள்: நாற்பத்து மூன்று தடவை.

மறுநாள் மாரிசெல்வம் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"ஏம்மா, யாரும் கேக்காமலே வந்து மாட்டிக்கிடுதியே, கிறுக்கா உனக்கு?"

"ஆண்டவரு கேக்காரே சார்."

அவர் கத்தினார். பேனாவை அவள் பக்கம் தள்ளினார்; கடிதத்தின் கீழே அவள் தன் பெயரை எழுதினாள். மத்தியானமே மெகராஜ் பேகத்தை வேலைக்குத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினார். பரிபூரணத்தைச் சோதனை மேசையிலிருந்து மடிப்புப் பகுதிக்கு மாற்றினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த மாதத் திருவிருந்தில் அவள் முதல் வரிசையில் முழங்கால் படியிட்டாள். அக்சா இப்போது மதுரையில் நர்ஸ்.

அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று ஞானரத்தினத்திடம் இருக்கிறது. கீழே, கோணல்மாணலாக, ஆனால் ஒரு எழுத்தும் விடுபடாமல், "பரிபூரணம்" என்று இருக்கிறது. பக்கத்தில் தேதி: 8.5.2023, திங்கட்கிழமை.