தண்ணீரில் உட்கார்ந்த எஞ்சின்

கூட்டேரிப்பட்டைச் சுற்றி நான் உட்காரவைக்காத கிணற்று எஞ்சின் கிடையாது. சிமெண்ட் மேடை கட்டி போல்ட்டை முறுக்கிவிட்டேன் என்றால் அப்புறம் அசையாது. அந்தத் திமிரோடுதான் மரக்காணத்துக்கு வண்டியை விட்டேன்.

அங்கே என் தங்கையின் வீட்டுக்காரர் கடல் தொழில் செய்கிறார். போன வருஷம் அவர் படகின் எஞ்சின் நடுக்கடலில் அடியைப் பிடித்திருந்த கால் போல்ட்டுகள் அறுந்து ஆட்டம் கண்டது. தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டும் சேர்ந்து ஆடி, அது வெளியே போகும் துவாரம் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. இன்னொரு படகு வந்து இழுத்ததால் உயிரோடு திரும்பினார். புது எஞ்சினை நானே வைத்துத் தருகிறேன் என்று தங்கையிடம் மார்தட்டியிருந்தேன்.

கரை மணலில் நின்ற படகில் இரண்டு நாள் வேலை. எஞ்சினும் தண்டும் சேரும் இடத்தில் கப்ளிங்கின் இரண்டு முகங்களும் ஒட்டி நிற்க வேண்டும். முடி நுழையாதபடி ஒட்டவைத்தேன். மாப்பிள்ளை ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. இவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு உள்ளுக்குள் இளக்காரம்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் வந்து படகை மந்திரித்தார். எல்லாரும் கூடித் தள்ளி முகத்துவாரத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். என்னைப் புகழ்ந்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நானும் கிளம்பப் பார்த்தேன்.

“மச்சான், கொஞ்சம் ஏறுங்க” என்றார் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி.

ஏறினால், மனிதர் கப்ளிங்கைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. “நேத்துதான மாப்ள முடிச்சேன்? எதுக்குப் பிரிக்கிறீங்க?”

மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை இடைவெளியில் விட்டுக் காட்டினார். மேலே நுழையவில்லை. கீழே தாராளமாக நுழைந்தது.

“கரையில மணலு தாங்கிக்கினு இருக்கும் மச்சான். தண்ணியில உட்டா படகு கொஞ்சம் வளையும். இங்க வந்துதான் கடைசியா செட் பண்ணணும். இப்டியே ஓட்டுனா திரும்பவும் போல்ட்டு பூடும்.”

“அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?”

“கரையில செய்யிற வேலைய நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க. இத அத்தினி பேரு முன்னாடி சொல்லணுமா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிறகு அவர் செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். கால் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் தகடு கொடுத்து, இறுக்கி, தண்டைக் கால் சுற்று திருப்பி அளந்தார். சரியில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. உச்சி வெயிலில் ஒரு சலிப்புச் சொல் இல்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரட்டை நட்டு. இந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. உண்மையில் பொறாமையாக இருந்தது.

வெள்ளோட்டம் விட்டுத் திரும்பினோம். தங்கை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். அவரை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாள்.

“அண்ணே, எஞ்சினு நிக்குமா?”

“நான் வெச்சது நின்னிருக்காதும்மா. உன் வூட்டுக்காரரு வெச்சது நிக்கும்.”