மிளகின் தடுப்பூசிப் புத்தகத்தில் நான் போட்ட கோடு

சென்ற ஆண்டு ஈஸ்டர் முடிந்த சில வாரங்களில், சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் உள்ள ஒரு சிறிய விலங்கு கிளினிக்கில் நடந்தது இது.

நானும் கணவரும் பதினோரு வருடம் செம்பவாங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். இருவருக்கும் கப்பல் பட்டறை வேலை. ஒப்பந்தம் முடிந்து நாகர்கோவிலுக்கே திரும்புவதென்று முடிவானதும் சாமான்களில் பாதியை விற்றோம், மீதியை மாதா கோயிலில் தெரிந்த குடும்பங்களுக்குக் கொடுத்தோம். யாருக்கும் கொடுக்க முடியாதது எங்கள் பூனை மிளகு மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ஒரு பூனையை விமானத்தில் ஏற்ற எவ்வளவு காகிதம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் அதன் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய சில நாட்களுக்குள் டாக்டர் பார்த்து ஆரோக்கியச் சான்றிதழ் தர வேண்டும். அதில் அரசாங்க அலுவலகம் முத்திரை வைக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வேறு ஓர் அனுமதிக் கடிதம். எல்லாவற்றிலும் சிப்பின் பதினைந்து இலக்க எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

காகித வேலை என்றால் எனக்குப் பயம் கிடையாது. கொஞ்சம் திமிரே உண்டு. பட்டறையில் என் வேலையே அதுதான்: வெல்டிங், பெயின்ட், பிரஷர் டெஸ்ட் என்று வந்து குவிகிற அறிக்கைகளைச் சரிபார்ப்பது. எண் தவறியிருந்தால் வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து, தேதி. பதினோரு வருடம் செய்து கை பழகிவிட்டது.

மிளகுக்கு ஒரே நாளில் சிப் வைத்து ஊசியும் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தடுப்பூசிப் புத்தகத்தை சிப் பதிவுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. கிளினிக்கில் நர்ஸ் கையால் எழுதியது. இவர்களுக்கு ஒரு எண்ணைப் பார்த்து எழுதக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். மறுபடி அரை நாள் லீவு போட்டு அவ்வளவு தூரம் யார் போவது? பேனாவை எடுத்தேன். கோடு போட்டேன், சரியான எண்ணை எழுதினேன், கையெழுத்தும் தேதியும் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த கணவர், “உன் கையில பேனா இருந்தா பைபிள்லயே கோடு போட்டுத் திருத்திடுவ” என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

ஒரு மாதம் மிளகைப் பயணக் கூண்டுக்குப் பழக்குவதில் போனது. கூண்டைக் கூடத்தில் திறந்து வைத்து, என் பழைய நைட்டியை உள்ளே விரித்து, அதிலேயே சாப்பாடு வைத்தேன். மூன்றாம் வாரம் அதுவாகவே போய்த் தூங்கியது. விமானத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சான்றிதழுக்காகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சீனப் பெண்மணி, அதிகம் பேசாதவர். கருவியை மிளகின் தோளில் காட்டி எண்ணைப் படித்தார். புத்தகத்தைத் திறந்தார். நிறுத்திவிட்டார். இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான் என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. பூனையின் சொந்தக்காரரே மருத்துவப் பதிவைத் திருத்தியிருக்கிறார், இதை நம்பித் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். கம்ப்யூட்டரில் பார்த்தார். அங்கேயும் அந்தத் தவறான எண்தான் ஏறியிருந்தது. ஆக, ஊசி போட்டதாகப் பதிவிலிருப்பது ஒரு எண்ணுக்கு, மேசையில் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு வேறு எண். ஊசி போடப்பட்டது இந்தப் பூனைக்குத்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? இல்லையென்றால் புதிதாக ஊசி போட்டு இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஐந்து நாளில் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும், அதே வாரம் எங்கள் வேலை அனுமதியும் முடிகிறது. ஒரு மாதம் மிளகை யாரிடம் விடுவது? விட்டால் யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? பயம் வந்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்தது பழிதான். மிளகைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸைக் காட்டி, உங்கள் ஆள் தப்பாக எழுதியதற்கு என் பூனை ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அந்த நர்ஸ் தமிழ்ப் பெண், என்னைவிடச் சில வயது இளையவள். அவள் மறுக்கவில்லை. டாக்டரைப் பார்த்து, ஆமாம், தவறு என்னுடையதுதான் என்றாள். பிறகு என்னிடம் தமிழில், “அக்கா, சிப்போட வந்த நம்பர் ஸ்டிக்கரெல்லாம் மத்த தாள்ல ஒட்டியே தீந்துபோச்சு, அதான் புக்ல கையால எழுதினேன். ஸாரி. கொஞ்சம் உக்காருங்க, அன்னிக்கு எழுதின ஷீட் பின்னாடி இருக்கணும், தேடிப் பாக்குறேன்” என்றாள்.

சிகிச்சை நடக்கும்போது ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு தாள் எழுதுவார்களாம். அவை மாதக்கணக்கில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. அவளுக்கு அப்போது மதிய உணவு நேரம். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பொட்டலம் பிரிக்காமல் மேசையிலேயே இருந்தது. முக்கால் மணி நேரம். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் மனம் ஜெபத்தில் இல்லை. இப்படிப் பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

இரண்டாவது பெட்டியில் கிடைத்தது. மிளகின் பெயர், சிப்போடு வந்த ஸ்டிக்கர், அதற்குக் கீழே ஊசிமருந்துப் புட்டியின் சீட்டு, டாக்டரின் கையெழுத்து. டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். மறுபடி மிளகின் எண்ணைச் சோதித்தார். பழைய புத்தகத்தை ரத்து செய்து புதிய புத்தகம் எழுதி, நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் வைத்தார். அதில் தவறு கிளினிக் ஊழியருடையது என்று எழுதியிருந்தது. எழுதச் சொன்னது அவளேதான்.

கிளம்பும்போது அவளிடம் போய், “நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிருங்க” என்றேன்.

“பரவால்ல லா அக்கா. டென்ஷன்ல யாருக்கும் வரும்” என்று சிங்கப்பூர்த் தமிழில் சொன்னாள். கூண்டுக்குள் விரலை விட்டு மிளகின் தாடையைச் சொறிந்தபடி, “அன்னிக்கே கிளினிக்குக்கு ஒரு கால் பண்ணியிருந்தீங்கன்னா போதும், நானே எல்லாத்தையும் மாத்தியிருப்பேன்” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. அவளை அழைத்துச் சொல்லலாம் என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. தவறு செய்தவளால் அதைச் சரிசெய்யவும் முடியும் என்று நான் நினைக்கவே இல்லை.

அரசாங்க முத்திரை மறுநாளே கிடைத்தது. மிளகு சென்னையில் இறங்கி, அங்கிருந்து காரில் நாகர்கோவில் வரை வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. இப்போது மொட்டைமாடியில் அணில்களை முறைத்துக்கொண்டு கிடக்கிறது.

இங்கேயும் ஒரு அலுவலகத்தில் கணக்கு சரிபார்க்கும் வேலைதான் பார்க்கிறேன். யாராவது எழுதியதில் பிழை கண்டால் பேனாவை எடுக்காமல் எழுதியவரைக் கூப்பிடுகிறேன். அது பழகிவிட்டது. ஆனால் நாலு பேர் முன்னால் என்னைக் குற்றவாளியாக்கிய ஒருத்தியின் பூனைக்காக, சாப்பாட்டை விட்டுத் தரையில் உட்கார்ந்து தாள் தேட எனக்கு மனம் வருமா என்று கேட்டுக்கொண்டால், வரும் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.