எறிந்தால் பிழை, இடித்தால் சரியா?

கோடை நேரத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய பிறகு வந்த இரண்டாவது வியாழக்கிழமை என்றுதான் என் ஞாபகம். மனைவி மூன்றாவது என்கிறாள். வேலை முடிந்த பிறகும் நல்ல வெயில் இருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஈஸ்ட் டாமாக்கியில் பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகள் தங்களுக்குள் ஆடும் சொஃப்ட்போல் அன்று தொடங்கியது. பேஸ்போலின் தங்கை அது. பெயரில்தான் மென்மை, பந்து தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருக்கும்.

தன் தொழிற்சாலை அணிக்காக இறங்கிய என் மனைவி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணியில் ஆடியவள். எல்லேயும் கிட்டத்தட்ட இதுதான்: தடியால் அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓட வேண்டும். ஆனால் எல்லேயில் ஓடுகிறவர்மேல் பந்தை எறிந்து பட்டால் அவர் அவுட். டெனிஸ் பந்து என்பதால் பெரிதாக நோகாது.

பழக்க தோசம். இரண்டாவது மூலைக்கு ஓடிக்கொண்டிருந்த எதிரணி ஃபோர்க்லிஃப்ட் சாரதியின் முதுகில் அவள் பந்தை ஓங்கி எறிந்தாள். "அவுட்!" என்று கையையும் தூக்கினாள். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம் அந்த மனிதருக்கு. முதுகைத் தடவியபடி திரும்பிப் பார்த்தார்.

அவளுடைய அணித் தலைவி ஓடிவந்தாள். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் சென்னைப் பெண். "ஐயோ அக்கா, எறியக் கூடாதுக்கா! பந்தைக் கையில வெச்சுக்கிட்டுத் தொடணும்!"

"பட்டதுதானே? பிறகென்ன தொடுறது?"

"ஆமா, பட்டுச்சு. அவருக்கு நல்லாவே பட்டுச்சு."

பிறகு அந்தத் தலைவிதான் அவரிடம் போய், எல்லே என்று ஓர் ஆட்டம் உண்டென்று ஆங்கிலத்தில் விளக்கிச் சமாதானம் செய்தாள்.

அடுத்த வியாழன் மனைவி சொன்னபடி கேட்டாள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடுகிறவர் வந்து தொடவேண்டிய மூலைத் தட்டின் நடுவில் நின்று, தொடுவதற்காகக் காத்திருந்தாள். வந்தவரும் அதே மனிதர். கால்களை முன்னே நீட்டி மண்ணில் சறுக்கிக்கொண்டு நேரே அவள்மேல் வந்து மோதினார். இருவரும் விழுந்தார்கள். அவளுடைய வலது மணிக்கட்டு அடியில் அகப்பட்டுக்கொண்டது. அவர் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் நடுவர் பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை.

கிளினிக்கில் எக்ஸ்ரேக்குக் காத்திருந்தோம். மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது.

"இஞ்சாருங்கோ, நான் அவருக்கு மேல எறிஞ்சாப் பிழை. அவர் எனக்கு மேல வந்து விழுந்தாச் சரியோ?"

எலும்பு உடையவில்லை, சுளுக்குத்தான் என்று டொக்டர் சொன்னபோது, அதுவரை நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. உட்கார்ந்தேன்.

சறுக்குவதையே தடைசெய்வதா என்று ஏற்பாட்டாளர்கள் எல்லா அணிகளிடமும் கேட்டார்கள். தடைசெய்யாவிட்டால் இவள் இனி ஆடக்கூடாது என்பது என் கட்சி. வழக்கம்போல் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பேஸ்போலின் ஆரம்ப நாட்களில் ஓடுபவர்மேல் பந்தை எறிந்துதான் அவுட் ஆக்கினார்களாம். பிற்பாடுதான் அதை விட்டிருக்கிறார்கள். இதை அவளுக்கும் சொன்னேன்.

"பாத்தியளே? நான் சரியாத்தான் விளையாடினனான். கொஞ்சம் பிந்திப்போனன், அவ்வளவுதான்."

"பகிடி விடாதையும். சறுக்கிறதை நிப்பாட்டச் சொல்லும்."

"நிப்பாட்டினா அந்த மனிசன் எப்பிடி நிக்கிறது? சறுக்கிறதுதான் அவருக்குப் பிரேக். அந்த உடம்பு நிமிர்ந்தபடி ஓடிவந்து இடிச்சா, எக்ஸ்ரே எடுக்க எலும்பும் மிஞ்சாது."

அவள் சறுக்கலாம் என்றே வாக்களித்தாள். பெரும்பாலானோரும் அப்படியே. ஆனால் ஒரு திருத்தம் சேர்ந்தது: சறுக்குகிறவர் தட்டை நோக்கித்தான் சறுக்க வேண்டும், ஆளை நோக்கி அல்ல. நிற்கிறவரும் தட்டின் ஒரு பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அது நியாயம் என்று தெரிந்தும் எனக்குப் பயம் போகவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு வந்த முதல் வியாழன். வேலிக்கு வெளியே நின்றேன். அதே மனிதர், அதே மூலை. அவர் சறுக்கத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. அவர் தட்டின் அந்தப் பக்கம் கால் நீட்டிக் கிடந்தார். அவள் இந்தப் பக்கம் நின்றபடியே குனிந்து, கையுறைக்குள் இருந்த பந்தால் அவருடைய தோளைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவர் இரு கைகளையும் விரித்தார். சேஃப், அவர் முதலே தட்டைத் தொட்டுவிட்டாராம்.

"என்ன சேஃப்? அவுட்!" என்று அவள் தமிழிலேயே சண்டைக்குப் போனாள். பந்து இன்னும் கையில் இருந்தது. கீழே கிடந்தவர் அதைப் பார்த்தார். இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, "எல்லே?" என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். வலது கை. அவர் அதைப் பிடித்து, அவ்வளவு பெரிய உடம்பையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை.