சங்கு ஊதிய காரின் வாயை அடைத்த கதை

எங்கள் கார் சமதரையில் முனகும். இறக்கத்தில் ஊளையிடும். எங்கள் ஊரான பீடோங்கின் கடைத்தெருவுக்கு மேலே இருக்கிற மேட்டிலிருந்து இறங்கும்போது மட்டும், குண்டு போட விமானம் வருகிறது என்று ஊதுவார்களே, அந்தச் சங்கு மாதிரியே ஊதும். 'மாதிரி' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அசல் சங்கை விட எங்கள் கார் நன்றாகவே ஊதியது.

அது ஒரு துரை வைத்திருந்து, அலுத்துப்போய், அப்பா தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. முன்பாதி கார், பின்பாதி மரப்பெட்டி. பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. பக்கத்தில் கண்ணாடி கிடையாது, பித்தான் போட்ட கான்வாஸ் திரைதான். குடும்பமே ஏறிக்கொண்ட பிறகும், கடலோர ஊரான யானிலிருந்து எங்கள் மளிகைக் கடைக்கு வரும் கருவாட்டு மூட்டைகளுக்கு இடம் இருக்கும். டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் குறுக்கே உபரிச் சக்கரத்தை முடுக்கியிருந்ததால் அந்தக் கதவு திறக்காது. வண்டி ஓட்டுகிறவனும் இடது பக்கத்துக் கதவு வழியாக ஏறி, நகர்ந்து நகர்ந்துதான் ஸ்டியரிங்குக்குப் போக வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஜப்பான்காரன் வந்ததும் பெட்ரோல் போய்விட்டது. வண்டியின் முதுகில் ஓரமாகக் கரியடுப்பு டிரம் ஒன்றைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினோம். என் காலேஜும் அதே வாரத்தில் மூடியது. பாதி பிஸிக்ஸோடு வீடு வந்து சேர்ந்தேன். அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "ஏய் காலேஜ், கருவாட்ட எறக்கு." "ஏய் காலேஜ், கரி போடு." என் படிப்புக்கு அப்போது கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

விஷயம் முற்றியது ஒரு சந்தை நாளில். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான்தான் ஓட்டினேன். மேட்டிலிருந்து இறங்கும்போது கார் தன் முழுத் தொண்டையையும் திறந்தது. சுங்கை பட்டாணி பக்கம் குண்டு விழுந்ததை யாரும் மறந்திருக்கவில்லை. கடைத்தெரு மொத்தமும் லோங்காங்கில், அதாவது சாலையோரச் சாக்கடையில், குதித்தது. மரவள்ளிக்கிழங்குக் கூடைகள் உருண்டன. எதிர்க்கடை நாவிதர் பாதி மழித்த ஆளை இழுத்துக்கொண்டு சாக்கடைக்குள் பாய்ந்தார். நாங்கள் நிறுத்தி இறங்கியபோது லோங்காங்கிலிருந்து ஒவ்வொரு தலையாக எழுந்தது. முதலில் எழுந்த தலையில் ராணுவத் தொப்பி இருந்தது. காவல் சாவடியின் ஜப்பான் சார்ஜன்ட். எல்லோருக்கும் முன்னால் குதித்தவர் அவர்தான். முழங்கால் வரை சேறு.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ஒரு ஊரே எப்படிக் கஷ்டப்பட்டது என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சார்ஜன்ட் கத்தியதை அவருக்கு மொழிபெயர்க்கும் மலாய்ப் பள்ளி வாத்தியார் எங்களிடம் சொன்னார். வாத்தியாரை ஊரில் 'செகு' என்போம், பாவம், நல்ல மனிதர். "சத்து மிங்கு," என்று ஒரு விரலைக் காட்டினார். "கெரெத்தா புஞி லாகி, துவான் அம்பில்." ஒரு வாரம் தவணை. கார் மறுபடி சத்தம் போட்டால் காரை சார்ஜன்ட் எடுத்துக்கொள்வார்.

வீட்டில் அம்மா இதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காருக்காக அல்ல. லூனாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குக் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். வளையல் போட்டாகிவிட்டது. அழைத்து வர நல்ல நாளும் அந்த வாரக் கடைசியில்தான் பார்த்து வைத்திருந்தோம். பஸ் நின்றுபோய் எத்தனையோ காலம். ரயில் சிப்பாய்களுக்கு.

"மாட்டு வண்டியில கூட்டியாந்துடலாம்லா," என்றார் அப்பா.

"அந்தக் குலுக்குக் குலுக்குனா புள்ள ரோட்டுலயே பொறந்துடும். மொதப் பிரசவம் எங்கிட்டதான். கார் போச்சுன்னா நா நடந்தே போயி அங்க ஒக்காந்துக்குவேன், நீங்க கெழங்க வேக வெச்சுத் தின்னுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "மெதுவா ஓட்டுனா சத்தம் வராதுல்ல?"

"மெதுவா எறங்குனா அந்தாண்ட பாலத்து மேட்டுல ஏறாதுப்பா. கரிப்பொகைக்கு அவ்ளோ தெம்பு ஏது? காத்து எங்க நொழையுதுன்னு கண்டுபிடிச்சு அடைக்கணும். சிம்பிள். பிஸிக்ஸ்."

"பிஸிக்ஸுக்கு சம்பளம் உண்டா?"

"அக்கா வருவா. போதாதா?"

காற்று நுழைகிற சந்துகளை எப்படிப் பார்ப்பது? வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு அம்மா கூந்தலுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். தூபக்காலை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் காருக்குள் வைத்து, கதவு திரை எல்லாவற்றையும் மூடினேன். புகை வெளியே வருகிற இடம்தானே காற்று உள்ளே போகிற இடம்! முன்கண்ணாடிக்கு மேலே ஒரு கோடு. இடது முன்கதவின் விளிம்பு முழுக்க. பெடல் ஓட்டைகள். திரைப் பித்தான்களுக்கு நடுவில் குட்டிக் குட்டி இழைகள். கார் நின்ற இடத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாவிதர் தெருவைக் கடந்து வந்தார். "என்னாண்ணே, காருக்குப் பேயோட்டுறீங்களா?"

"பேய்தான்," என்றார் அப்பா. "காலேஜ் போன பேய்."

சந்துகள் தெரிந்தாயிற்று. எந்தச் சந்து பாடுகிறது? மரவள்ளிக் கஞ்சியில் துணியை நனைத்து ஒவ்வொரு சந்திலும் ஒட்டி, ஊருக்கு வெளியே ஒரு கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றை அடைத்தால் முனகல் போனது. இன்னொன்றை அடைத்தால் படபடப்பு போனது. கண்ணாடிக்கு மேலிருந்த கோட்டையும் இடது முன்கதவின் விளிம்பையும் அடைத்தபோது சங்கே போனது. அந்த இரண்டு இடத்திலும் காற்று விளிம்பில் பட்டு, புல்லாங்குழலில் ஊதுகிற மாதிரி ஊதியிருக்கிறது. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க்.

அடைப்பதற்குச் சரக்கும் வீட்டிலேயே இருந்தது. கித்தாவை வாங்க உலகத்தில் யாரும் இல்லாத காலம் அது. தோட்டத்து ஜனங்கள் கருவாட்டுக்கு மாற்றாகக் கித்தாத் தகடுகளைக் கொண்டுவந்து போடுவார்கள். அப்பாவும் வேண்டாம் என்று சொல்ல மனசில்லாமல் பரணில் அடுக்கிக்கொண்டே போவார். நான் அதைக் கீழே இழுத்து, அம்மாவின் பாக்குவெட்டியால் கீற்றுக் கீற்றாக வெட்டி, கித்தாப் பாலைத் தடவி எல்லாச் சந்திலும் ஒட்டினேன். பெடல் ஓட்டைக்குக் கோணிக்கு மேல் ஒரு தகடு. திரை ஓரத்தில் பழைய டியூப்பைத் தைத்துக் கனம் ஏற்றினேன். பின்திரையில் மட்டும் கை நுழைகிற அளவு சந்து விட்டேன். கரியடுப்புப் புகை உள்ளே தங்கினால் ஆள் தூங்கியே போய்விடுவான். எனக்குக் கெமிஸ்ட்ரியும் கொஞ்சம் தெரியும்.

நல்ல நாள் வந்தது. விடியலில் லூனாஸுக்குக் கிளம்பினோம். காருக்குள் அப்படி ஓர் அமைதி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பின்பெஞ்சில் அம்மா பேசுவது முன்சீட்டில் கேட்டது. கல்யாணமான நாள் தொட்டு அப்பா செய்யாமல் விட்டதையெல்லாம் அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் அப்பா என் காதுக்கு வந்தார். "டேய், முன்னாடி இருந்த காத்து நல்ல காத்துடா."

"கேக்குது!" என்றாள் அம்மா.

லூனாஸில் அக்கா ஏழு ஊர் வளையலோடு வாசலில் நின்றாள். வயிறு அவளுக்கு முன்னால் வந்து எங்களை வரவேற்றது. அவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பார்த்தால், இடது முன்கதவின் கீற்று பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிரட்டையில் புதுக் கித்தாப் பாலை வாங்கி வந்து, இந்தத் தடவை தாராளமாகக் கதவு விளிம்பிலும் பூசினேன், எதிரே இருக்கிற மரச்சட்டத்திலும் பூசினேன். வெயிலில் காய்ந்ததும் விரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. விரலில் ஒட்டாதது வேறு எதிலும் ஒட்டாது. அப்படித்தானே?

"சாயங்காலம் வரைக்கும் கதவ அழுத்திச் சாத்தாதீங்கப்பா, நல்லாக் காயட்டும்," என்றேன். அப்பா ஒரு கயிற்றால் கதவைக் கட்டி, விரல் நுழைகிற இடைவெளி விட்டுப் பிடித்துக்கொண்டார். பீடோங் மேட்டுக்கு வந்ததும் இறுக்கிச் சாத்திக்கொள்ளலாம் என்று திட்டம்.

மேட்டில் சார்ஜன்ட் நின்றார். பக்கத்தில் செகு. தவணைக்குச் சோதனை.

நாங்கள் இறங்கி இடுப்பு வரை குனிந்தோம். அக்கா தன்னால் முடிந்த அளவுக்குத் தலையை மட்டும் கவிழ்த்தாள். சார்ஜன்ட் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன்சீட்டைக் காட்டினார். தானே உட்கார்ந்து கேட்கப் போகிறாராம். நான் முதலில் ஏறி ஸ்டியரிங்குக்கு நகர்ந்தேன். அப்பாவும் செகுவும் பின்னால் அம்மா, அக்காவோடு ஏறினார்கள். சார்ஜன்ட் வாளை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, கயிறு கிடந்ததைப் பார்க்காமல், கதவை ராணுவ முறைப்படி இழுத்தார். டமார்!

இறங்கினோம். சங்கு இல்லை. ஊளை இல்லை. அடுப்பு டிரம்மின் இரைச்சல், வாளுறை தரையில் தட்டுவது, அக்காவின் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவது. இவ்வளவுதான் கேட்டது. லோங்காங் ஓரத்தில் நின்ற ஜனங்கள் குதிக்காமல் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சார்ஜன்ட் இரண்டு தடவை தலையாட்டினார். நான் மனதுக்குள் பட்டமே வாங்கிவிட்டேன்.

கடைத்தெருவில் நிறுத்தினேன். பின்னால் இருந்த அப்பா, அம்மா, செகு மூவரும் இறங்கிக் குனிந்தார்கள். அக்கா மட்டும் உள்ளே இருந்தாள். சார்ஜன்ட் வருகிறார் என்று தெரிந்ததும் சந்தை முழுக்கக் குனிந்தது. அவர் இறங்கி நடந்து போகும் வரை யாரும் நிமிரக்கூடாது என்பது அப்போதைய சட்டம்.

சார்ஜன்ட் கதவைத் தள்ளினார். கதவு வரவில்லை.

தோளால் தள்ளினார். வரவில்லை. காய்ந்த பாலும் காய்ந்த பாலும் ஒன்றையொன்று அழுத்தமாகச் சந்தித்துவிட்டால் பிறகு பிரிவே கிடையாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பக்கத்தில் கதவுக்குப் பதில் சக்கரம். மிச்சம் இருந்த ஒரே வழி, சீட்டின் மேல் ஏறி, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் மடியைத் தாண்டிப் பின்பக்கமாக இறங்குவது. சார்ஜன்ட் திரும்பி அந்த வழியைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

வெளியே சந்தை குனிந்தபடியே காத்துக்கொண்டிருந்தது. நாவிதர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்தாள். வளையல்கள் குலுங்கின. எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்ட காரில் ஒளிந்துகொள்ள ஒரு காற்றுச் சத்தம் கூட இல்லை. சார்ஜன்டின் கழுத்து சிவந்தது. வண்டி போனால் போகட்டும், அக்காவை ஒன்றும் செய்துவிடக்கூடாது.

"அக்கா, கொன்னுடாத," என்றேன் உதட்டை அசைக்காமல்.

"எண்ணெடா," என்றாள் மூச்சு வாங்க. "என் மூட்டையில தேங்காண்ணெ இருக்கு. ஊத்து."

பிரசவத்துக்கென்று மாமியார் கொடுத்தனுப்பிய போத்தல் சீட்டின் மேலாக வந்தது. சார்ஜன்டுக்குக் குறுக்கே சாய்ந்து, மன்னிக்க வேண்டும் என்று எந்த மொழியில் சொல்வது எனத் தெரியாமல் தமிழிலேயே சொல்லிக்கொண்டு, கதவுச் சந்தில் மேலிருந்து கீழ் வரை ஊற்றினேன். பாதி கதவுக்கு, பாதி அவருடைய கால்சட்டைக்கு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மோதினார். 'ப்ளக்' என்றது. கதவு திறக்க, சார்ஜன்ட் வெளியே பாய, அவர் தோளில் ஒட்டிக்கொண்ட கித்தாக் கீற்று கதவிலிருந்து நீண்டு, நீண்டு, இன்னும் நீண்டு, அறுந்து, சுரீர் என்று என் மூக்கில் வந்து அடித்தது.

"பக்கேரோ!" என்று திட்டிக்கொண்டே என்னை வெளியே இழுத்து ஓர் அறை விட்டார். அன்று காரில் ஊதாத சங்கு என் இடது காதில் ஊதியது.

பிறகு செகுவிடம் ஏதோ உறுமிவிட்டு, எண்ணெய் சொட்டச் சொட்டச் சாவடியைப் பார்த்து நடந்தார். அவர் திரும்பும் வரை குனிந்தே இருந்த செகு நிமிர்ந்து எங்களிடம் வந்தார். முகம் இறுகியிருந்தது, கண் மட்டும் சிரித்தது.

"புஞி தாடா," என்றார். "கெரெத்தா சிம்பான்."

சத்தம் இல்லை, காரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறைக்கு ஒரு கார். நான் எந்தக் கடையிலும் இவ்வளவு மலிவாக எதையும் வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கதவு விளிம்புகளுக்கு மரவள்ளி மாவைத் தடவினோம். மாவு பட்ட கித்தா ஒட்டாது. காரில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் விலாவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு ஊருக்குள் திரிந்தார்கள். அக்காவுக்கு வலி கண்ட மத்தியானம், தோட்டத்து மருத்துவச்சியை அதே காரில் அழைத்து வந்தேன். அதே மேட்டில் சத்தமில்லாமல் இறங்கினோம். சாவடிக்காரன் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. மருத்துவச்சி புடவையில் மாவோடு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சங்கு கேட்டது. பெண் குழந்தை. நாவிதர் கடையிலிருந்தே கத்தினார்: "அண்ணே, இதுக்கும் கித்தா ஒட்டுவீங்களா?"

அடுத்த வாரம் யானுக்குக் கருவாடு எடுக்கக் கிளம்பினோம். பின்பெஞ்சில் அம்மா பேத்தியின் மூக்கில் ஆரம்பித்து, அப்பா வம்சத்தின் மூக்குகளுக்கு வந்திருந்தாள். முன்னால் எங்கோ மெலிதாக 'உஸ்' என்று ஒரு சத்தம். பார்த்தால், அப்பாவின் காதுக்கு நேராகக் கண்ணாடி ஓரத்தில் ஒரு சாண் கீற்றைக் காணோம்.

"யாருப்பா பிச்சது?"

அப்பா ரோட்டையே பார்த்தார். "எனக்குன்னு கொஞ்சம் காத்து வேணும்லாடா."

"என்னா சொல்றாரு உங்கப்பா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "காத்து."