பிளாஸ்டிக் உறை பிரிக்காத குதிரை

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் அங்கன்வாடியைப் பார்வையிட வந்த அந்த மேடத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்று மகளைக் கொண்டுவிடப் போயிருந்தேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கசங்காத முகம். எந்தப் பிள்ளையைத் தொட்டாலும் உடனே கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொள்வார். பிள்ளை என்றால் அவருக்கு அத்தனை அசிங்கம்.

டீச்சரிடம் பீரோவைத் திறக்கச் சொல்லி, பிள்ளைகள் ஏறி ஆடும் ஒரு குதிரைப் பொம்மையை வெளியே எடுக்க வைத்தார். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றி, "சிரி மக்கா" என்று போட்டோ எடுத்தார். உடனே, "போதும், இறங்கு." என் மகள் இறங்காமல் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கையைப் பிரித்து இறக்கிவிட்டு, குதிரையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

"பிள்ளைகளுக்கு விளையாடத்தானே மேடம் அரசாங்கம் இதைத் தந்திருக்கு?" என்று கேட்டேன்.

"இதுக கையில குடுத்தா ஒரு வாரத்துல ஒடச்சிப் போடும். பொறவு மேலதிகாரி வந்தா எதக் காட்டுவேன்?" சிரித்தபடியே கையைத் தேய்த்தார்.

சாயங்காலம் வீட்டில் என் மகள் தன் பொம்மையை ஒரு தேங்காய்மேல் உட்கார வைத்தாள். "சிரி மக்கா" என்றாள். அடுத்த நொடியே, "போதும், இறங்கு" என்று அதைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள்.