கண்ணாடியோடு ஒட்டிய முகம்

காந்திபுரத்து ஸ்டுடியோவில் பழைய போட்டோ சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றியதும், ஈர அட்டை வாசம் வந்தது. உடனே காரமடை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது எட்டு வயது. ஐப்பசி மழையில் சுவர் ஊறி, அத்தையின் கணவர் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணமான மறுவருடமே இறந்துபோன மாமாவுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான்.

“பிச்சு எடுத்துக் காய வெக்கட்டுங்களா அக்கா?” என்று அப்பா கேட்டார்.

“வேண்டாஞ் சாமி, மூஞ்சி கண்ணாடியோட போயிரும். அப்படியே இருக்கட்டும்” என்றார் அத்தை. காய்ந்த துண்டில் சுற்றித் தன் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். பிறகு எத்தனை வீடு மாறினாலும் அதை மட்டும் மடியில் வைத்தே கொண்டுவந்தார்.

“உரிக்காம வெச்சது நல்லதாப் போச்சுங்க” என்ற ஸ்டுடியோக்காரர், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்து, கறைகளை நீக்கிப் பெரிதாக்கித் தந்தார்.

மாலையில் அதை அத்தையின் கையில் கொடுத்தேன். எண்பதைத் தாண்டிய அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் அரும்பு மீசையை விரலால் மெல்லத் தொட்டார்.

“ஏங்கண்ணு, இத்தன சின்னப் பையனாவா இருந்தாரு?” என்றார்.