இடது கைக்கு ஒரு லோயர்

ஆர்லோ டிட்மர் வீட்டுச் சலவை அறையில் ஆறு வருஷமாக ஒரு துப்பாக்கி உருவாகிக்கொண்டிருந்தது. உருவாகிக்கொண்டிருந்தது என்பதே கொஞ்சம் மிகைதான். குழல் ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்தது, விசைப்பொறி இன்னொன்றில். தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாம் தபாலில் வந்தவை. லோயர் மட்டும் வரவில்லை.

லோயர் என்பது இந்த வகைத் துப்பாக்கியின் கீழ்க்கூடு. விசை, கைப்பிடி, தோட்டாப்பெட்டி எல்லாம் அதில்தான் வந்து பொருந்தும். உள்ளங்கை அகல அலுமினியம்தான், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அதுதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் வெறும் சாமான். எண் அதில்தான் பொறித்திருக்கும். அதனால் கடைக்கே போய், படிவம் எழுதி, போனில் நம் பின்னணியை விசாரித்து முடிந்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் முடிகிற வேலை அது. ஆர்லோவுக்கு ஆறு வருஷம் போதவில்லை.

மனிதர் ஒன்றும் முடிவெடுக்கத் தெரியாதவர் இல்லை. எங்கள் ஊர் மைல்ஸ் சிட்டியிலிருந்து நாற்பது மைல் சுற்றளவில் அத்தனை பண்ணை வீட்டுக்கும் காஸ் லாரி ஓட்டிப் போகிறவர். பனிப்புயலில் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், யார் இன்னும் இரண்டு நாள் தாங்குவார்கள் என்பதை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தீர்மானிப்பார். லோயர் என்றால் மட்டும் சாக்குப்போக்கு. ஒன்றில் மண்டையோடு பொறித்திருந்தது. "அதை யார்கிட்ட காட்டப்போறேன், கயோட்டிகிட்டயா?" என்றார், ஆட்டுக்குட்டி தூக்க வரும் நரியைச் சொல்லி. இன்னொன்றின் நிறம் சரியில்லை என்றார். கடைக்காரி லவான் பிரூயிட் அவரோடு பள்ளியில் படித்தவள். அவளும் சளைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பாள். ஆர்லோ தோட்டாப்பெட்டியைச் செருகிப் பார்ப்பார், பொத்தானை அழுத்தினால் தடையில்லாமல் விழுகிறதா என்று பார்ப்பார், காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார்.

உண்மைக் காரணம் அவளுக்கும் தெரியும். இந்தத் துப்பாக்கி யார் கைக்கு என்பதை லோயரில்தான் தீர்மானித்தாக வேண்டும். குழலுக்குக் கை பேதம் இல்லை. லோயரில் உண்டு. சாதாரண லோயரில் பொத்தான்கள் எல்லாம் வலது கைக்காரருக்கு வாகாக இருக்கும். இடது கைக்காரருக்கென்று கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் மாறியிருப்பதும் உண்டு, அபூர்வமாக. சாதாரணத்தை வாங்கினால் துப்பாக்கி ஆர்லோவுக்கு. இன்னொன்றை வாங்கினால் கோரினுக்கு. கோரின் அவருடைய ஒரே மகள். கடற்கரை நகரம் ஒன்றில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கும் தந்தையர் தினத்துக்கும் போன் செய்வாள். வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது.

கோரினுக்குப் பிறவியிலேயே இடது கை. சாப்பாட்டு மேஜையில் அவள் முழங்கையும் அம்மா நோலாவின் முழங்கையும் முட்டிக்கொள்ளும், சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் இருந்த துப்பாக்கிகள் எல்லாம் வலது கைக்கானவை. ஒன்பது வயதில் அவள் இடது தோளில் வைத்தபோது ஆர்லோ எடுத்து வலது தோளுக்கு மாற்றினார். திட்டவில்லை, அதட்டவில்லை. சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்குவது போல, ஒவ்வொரு முறையும் மாற்றினார். ஆறு வருஷம் அவள் அப்படியே சுட்டாள். குறி பெரும்பாலும் தவறியது.

பதினைந்து வயதில், ஜூன் மாதம், பிரெய்ரி நாய் சுடப் போயிருந்தார்கள். பேர்தான் நாய், ஆள் பெருச்சாளி மாதிரி இருக்கும், மேய்ச்சல் நிலத்தை வளை தோண்டியே சல்லடையாக்கிவிடும். கூட ஆர்லோவின் கூட்டாளிகள் நாலு பேர். அவள் ஐந்து முறை தவறவிட்டபோது ஆர்லோ சொன்னார், "என் பொண்ணுக்கு எல்லாம் வரும், சுடுறது மட்டும்தான் வராது." எல்லாரும் சிரித்தார்கள். கோரினும் சிரித்தாள். துப்பாக்கியை வண்டியில் வைத்தாள். அடுத்த வாரம் கூப்பிட்டபோது வரவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் நோலா இறந்த வாரத்தில்தான் ஆர்லோவுக்கு உறைத்தது. சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கெல்லாம் கோரின் சமையலறையில் உட்கார்ந்து நன்றி அட்டை எழுதினாள். இடது கையால். எழுதிய மை காய்வதற்குள் கை அதன்மேல் போய் ஈஷிக்கொண்டது. இருபத்தேழு வருஷம் பார்த்த கையை அன்றைக்குத்தான் பார்த்தார். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "பேனா நல்லாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஊருக்குப் போன மறுவாரம் குழலுக்கு ஆர்டர் கொடுத்தார்.

இந்த மார்ச்சில் லவான் அவரைக் கூப்பிட்டனுப்பினாள். மேஜையில் இரண்டு லோயர் வைத்திருந்தாள்.

"இது எப்பவும் உள்ளது. இது இடது கைக்கு. ஆர்டர் குடுத்தவன் வேலை மாறிப் போயிட்டான். பில்லிங்ஸ் டவுன்ல ஒருத்தன் ரெண்டு நாளா கேட்டுட்டிருக்கான். சாயங்காலம் வரைக்கும்தான் நிறுத்தி வெப்பேன்."

ஆர்லோ இரண்டையும் எடுத்துப் பார்த்தார். எடை ஒன்றுதான்.

"யாருக்கு ஆர்லோ? உனக்கா, அவளுக்கா?"

"கயோட்டிக்கு."

"சும்மா மழுப்பாத. ரெண்டு கைக்கும் ஒத்துவர்ற மாதிரியும் இருக்கு, அதை வேணா வரவழைக்கட்டுமா? யாரு வந்தாலும் வராட்டியும் நீயாவது வெச்சுச் சுடலாம்."

"வேணாம்."

"அவ வரலன்னா? உன் இடது கை பீன்ஸ் டப்பா திறக்கக்கூட லாயக்கில்ல. சும்மா சுவத்துல தொங்கும்."

"தொங்கட்டுமே."

இடது கைக்கானதை அவள் பக்கம் நகர்த்தினார். லவான் கிண்டல் செய்யவில்லை. படிவத்தை நீட்டினாள்.

"வாங்குறது நீதானேன்னு கேட்டிருக்கும். ஆமான்னு போடு. பரிசாக் குடுத்தா தப்பில்ல."

"அவ வாங்கிப்பாளான்னு அதுல கேட்டிருக்கா?"

"இல்லப்பா. அந்தக் கேள்விய நீதான் கேக்கணும்."

இடது கைக்கென்று வேறொரு மேல்கூடு தபாலில் வந்தது, சுட்ட தோட்டாவின் ஓடு இடது பக்கம் தெறிக்கிற மாதிரி. பிறகு இரண்டு வாரம் மனிதர் தட்டுத் தடுமாறினார். நாற்பது வருஷம் பழகிய கை ஒவ்வொன்றையும் தப்பான பக்கம் கொண்டுபோனது. இரண்டு கூட்டையும் இணைக்கிற முன் ஆணியைப் பிடித்துவைக்கும் ஊசி மாதிரிச் சின்ன ஸ்பிரிங் மூன்று முறை பறந்து போய்த் தொலைந்தது. லவான் அதற்கென்றே ஒரு ஜாடி நிறைய வைத்திருப்பாள், எங்கள் ஊரில் அதைத் தொலைக்காதவன் கிடையாது. மூன்றாவது முறை கேட்டுப் போனபோது, "இதுக்கு நீ பேசாம அவளுக்கு போன் பண்ணியிருக்கலாம்" என்றாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. ஆர்லோ தோட்டா எதுவும் இல்லையென்று இருமுறை பார்த்துக்கொண்டு, பின்பக்கம் போய் மலைப்பக்கமாக நீட்டி, பழக்க தோஷத்தில் வலது தோளில் வைத்தார். விரல் பொத்தானைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கட்டைவிரலும் வெறும் உலோகத்தைத் தடவியது. ஒரு நிமிஷம் முட்டாள் போல நின்றார். தன் வீட்டில், தன் கையால் பூட்டிய துப்பாக்கியில் தனக்கு எதுவும் எட்டவில்லை. கோரினுக்கு ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வயது வரை இப்படித்தானே இருந்திருக்கும். ஒரு நாளாவது அவள் வாய் திறந்து சொல்லியிருந்தால் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம், தான் ஒரு நாளாவது கேட்டேனா என்று நினைத்தபோது அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

போன் செய்தார்.

"அப்பா? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு துப்பாக்கி பூட்டிச் சேர்த்தேன்."

"சரி." அவள் குரலில் சின்னச் சலிப்பு. "அதுக்கா கூப்டீங்க?"

"உனக்குன்னு சேர்த்தேன்."

"இங்கல்லாம் அதைக் கொண்டுவர முடியாதுப்பா. சட்டம் விடாது."

"தெரியும். இங்கதான் இருக்கும்."

"நான் தொட்டே பதினெட்டு வருஷமாச்சு. எனக்குத்தான் சுட வராதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அது இடது கைக்காரங்களுக்கு உள்ளது கோரின்."

எங்கோ அவள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ நிறுத்தினார்கள்.

"ஏன், கடையில வேற இல்லையா?" என்றாள்.

நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக் கேட்டாள். அதுதான் அவரைக் குத்தியது.

"இருந்துச்சும்மா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. நான்தான் இதை எடுத்தேன். அப்பவே எடுத்திருக்கணும். உன்னை மாத்தினேன் பாரு, நாலு பேர் முன்னாடி சிரிச்சேன் பாரு, அது தப்பு."

கோரின் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று கேட்க அவருக்கும் துணிவில்லை. பிரெய்ரி நாய் சுடுகிற ஜூன் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"பொத்தான் எங்கப்பா இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

ஆர்லோ துப்பாக்கியை மடியில் திருப்பிப் பார்த்தார்.

"உன் விரல் இருக்கிற இடத்துல," என்றார்.